பட்டாளத்துக்குக் கொள்ளு சேர்த்த கதை
1943, 44 வாக்கில், இரண்டாவது உலக யுத்தம் நடந்தபோது, பட்டாளத்துக்குக் கொள்ளு சேர்த்துக் கொடுத்த அப்பாவுடன் பையனாக நானும் அலைந்தேன். இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டேன். சொல்லச் சொல்லப் பேத்தி டைப் செய்கிறாள்.

குதிரைப்படைகள் மோட்டாருக்கு மாறிவிட்ட காலம்தான். ஆனாலும் பர்மா எல்லைக் காட்டில் லாரி போகாத இடத்தில் கோவேறு கழுதையும் மட்டக்குதிரையும்தானே சுமை தூக்கின? அதுகளுக்குத் தீனி வேண்டும். அப்பா பெரிய காண்டிராக்டர் இல்லை. அப்படி ஒருவருக்காகக் குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் சரக்கு பிடிப்பவர்.

கொள்ளு எங்கள் பக்கத்து மானாவாரிப் பயிர். ஐப்பசியில் விதைத்தால் தை, மாசியில் களத்துக்கு வரும். பனி ஈரம் காய்வதற்குள் செடியைப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் காய் வெடித்துக் கொட்டிவிடும். மாடு விட்டு மிதித்துத் தூற்றினாலும் மண் போகாது. மண்ணோடு தின்றால் குதிரைக்கு வயிறு பிடித்துக்கொள்ளும். வாந்தி எடுக்கவும் அதற்கு வராது. அதனால் கல்லோ மண்ணோ தெரிந்தால் மூட்டை திரும்பி வந்துவிடும். அப்பா மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். நாலு மணியைப் பல்லில் வைப்பார். டக்கென்று உடைந்தால் சரி, அமுங்கினால் இன்னொரு வெயில் காய வேண்டும்.

அப்புறம் சாக்குக்குப் பஞ்சம். மணல் மூட்டைக்கே சணல் சாக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தது. கிழிந்ததை ஒட்டுப்போட்டு, கோணி ஊசியால் தைத்துத்தான் நிரப்பினோம். பர்மிட் வாங்கி, குடியாத்தம் ரயிலடியில் வேகனுக்குக் காத்துக் கிடந்தது தனி.

இதையெல்லாம்விடக் கஷ்டம் வேறு. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரர்களிடம் விழுந்து பர்மா அரிசி நின்றுபோனது. கூலி வீடுகளில் கொள்ளைத்தான் வேகவைத்துத் தின்றார்கள். அந்த நேரத்தில் ரொக்கத்தைக் காட்டினால் இல்லாதவர்கள் மொத்தமாக அளந்து போட்டுவிடுவார்கள். அப்பா வாசலிலேயே கேட்பார்: “விதைக்கு எடுத்து வெச்சிட்டியாம்மா? முதல்ல அதைக் காட்டு.” விதைக்கும் வீட்டுக்கும் போக மிச்சத்தைத்தான் வாங்குவார். மூட்டை குறைகிறதென்று காண்டிராக்டர் கத்துவார். அப்பா செய்ததுதான் நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அடுத்த வருஷம் காண்டிராக்டர் வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவன் விதைக்கொள்ளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனான். ஐப்பசி மழை பெய்ததும் அதே ஜனங்கள் விற்ற விலைக்கு மேலே கொடுத்து மண்டியில் விதை வாங்கினார்கள்.