வன்னியில் ரயர் வீடு கட்டப் போனோம்

இலங்கையின் வடக்கே வன்னியில், நெடுங்கேணிப் பக்கம் காணி வாங்கிய அக்கா ஒருவர், மின்கம்பம் வரும்வரை காத்திராமல், பழைய சாமான்களைக் கொண்டே வீடு கட்டத் தொடங்கியிருந்தார். கூலிக்கு ஆள் பிடிக்கக் காசு போதாது. சாப்பாடும் படுக்க இடமும் தருகிறேன், வந்து கைகொடுங்கள் என்று தெரிந்தவர்களிடம் கேட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் சிலர் போனோம்.

அக்கா வைத்திருந்த வரைபடம் 'எர்த்ஷிப்' வகை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மைக்கேல் ரெனால்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1970களில் தொடங்கியது. மூன்று பக்கமும் பழைய வாகன ரயர்களுக்குள் மண் இடித்து அடுக்கிய சுவர், தெற்கே முழுக்கக் கண்ணாடி. பனி விழுகிற ஊரில் மாரிகால வெயிலை வீட்டுக்குள் பிடித்துவைக்க அது சரி. எங்கள் மேசன் ஐயா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது ஆளை அவிக்கிற வீடெல்லோ" என்றார்.

அன்றே படம் மாறியது. கண்ணாடிச் சுவர் போய், வடக்கும் தெற்கும் காற்றுக்குத் திறந்த, அகலத் தாழ்வாரம் வைத்த வீடாயிற்று. வன்னியில் ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அப்புறம் ஆகஸ்ட் கடைசி வரை கொஞ்சம் வடக்கே நிற்கும். ஆகவே வடக்குக்கும் தாழ்வாரம் வேண்டும். காலையும் மாலையும் சரிந்து வரும் வெயிலைத் தாழ்வாரம் மறைக்காது என்பதால் கிழக்கிலும் மேற்கிலும் மட்டும் ரயர்ச் சுவர். மேற்குச் சுவருக்கு வெளியே கிடுகுத் தட்டியும் கட்டினோம். தடித்த சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் வீட்டுக்குள் விடும். நிழல் இல்லாவிட்டால் அதன் தடிப்பே தொல்லை.

சரி, மண்ணுக்கு எங்கே போவது? வன்னியில் அலவாங்கு போடுமுன் இதைக் கேட்டே ஆகவேண்டும். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற அமைப்புகள், போர் முடிந்த 2009க்குப் பிறகு எத்தனையோ காணிகளில் கண்ணிவெடி அகற்றிவிட்டன. என்றாலும் துப்புரவான காணிக்கு வெளியே தோண்டக்கூடாது, காட்டோரத்தில் கிடக்கும் எந்த இரும்பையும் 'பழைய சாமான்' என்று தூக்கக்கூடாது என்று அக்கா முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெளியிலிருந்து லொறியில் மண் கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேறு வேண்டும். அதனால் தண்ணீர்த் தாங்கிக்கும் மலசலகூடத்துக்கும் வெட்டிய குழிகளின் மண்ணே ரயருக்குள் போனது.

ரயர் வேலை இரண்டு பேர் சோடி. கராஜ்களில் சும்மா கிடைக்கும் ரயர்களை முதலில் அளவுவாரியாகப் பிரிக்கவேண்டும், பெரியவை அடி வரிசைக்கு. ரயரை வைக்கவேண்டிய இடத்திலேயே படுக்கவைத்து, கீழ் ஓட்டையைக் காட்போட் மட்டையால் மூடி, ஒருவர் மண் போட மற்றவர் சம்மட்டியால் விளிம்புக்குள் இடித்து இறுக்குவார். சுற்றிச் சுற்றி வந்து இடிக்காவிட்டால் ஒரு பக்கம் தூக்கும். மண் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரம் போதும், சேறானால் இறுகாது. ஒரு கார் ரயர் நூறு கிலோவைத் தாண்டி மண் விழுங்கும், நிறைந்தபின் யாராலும் அசைக்க முடியாது. ஆகவே மட்டப்பலகை பார்க்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. செங்கல் அடுக்குவதுபோல் இரண்டின் சந்துக்கு மேல் ஒன்று. விடிய முன்னம் தொடங்கி, வெயில் ஏற நிறுத்தி, பின்னேரம் திரும்பத் தொடங்குவோம். இடையில் அவித்த கச்சானும் பிளேன் டீயும். தோள் பழகிவிடும், இடுப்புத்தான் பழகாது. பாரத்தைக் காலில் வாங்கி அடியுங்கள்.

அடுக்காத ரயர்களைக் கூரைக்குக் கீழ் வைக்கவேண்டும். மழைத்தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கண்டால் வழக்குத்தான்.

பூச்சுக்கு அயலட்டைப் பெண்கள் வந்தார்கள். புற்றுமண், மணல், நறுக்கிய வைக்கோல், சாணம். ரயர்களுக்கிடையிலான பள்ளங்களை முதலில் மண்ணும் உடைந்த போத்தலும் போட்டு நிரப்பி, பிறகு பூச்சு. வெடித்த இடத்தைப் பார்த்ததும் ஓர் ஆச்சி, "களி கூடிப்போச்சு, மணல் போடு" என்றார். இரண்டாம் பூச்சு வெடிக்கவில்லை. சுவரில் போத்தல் பதித்து வண்ண வெளிச்சம் வரவைப்பதைப் படங்களில் பெரிதாகக் காட்டுவார்கள். அழகுதான், ஆனால் போத்தல் அறுப்பதும் ஒட்டுவதும் நேரத்தைத் தின்னும் வேலை. குளியலறையோடு நிறுத்திக்கொண்டோம்.

கூரைக்கு யாழ்ப்பாணத்தில் இடித்த ஒரு நாற்சார வீட்டின் பனஞ்சிலாகைகள். வைரம் பாய்ந்த பனையில் கறையான் ஏறுவது அரிது. பழைய அஸ்பெஸ்ரஸ் தகடுகளை ஒருவர் இனாமாகத் தர வந்தார். அக்கா வாங்கவில்லை, எனக்கும் அதுவே சரியென்று பட்டது. அறுக்கும்போதும் உடையும்போதும் பறக்கும் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

தண்ணீர்க் கணக்கு எனக்குப் பிடித்தது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 60 சதுர மீற்றர் கூரை, வருடத்துக்கு 1,000 மில்லிமீற்றர் என்று குறைத்தே பிடித்தாலும் 60,000 லீற்றர். ஐந்திலொன்று வழியில் போனாலும் 48,000. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும், எனவே தாங்கியின் கொள்ளளவுதான் முக்கியம். நாலு பேர் குடிக்க, சமைக்க நாளுக்கு 40 லீற்றர் என்றால் 10,000 லீற்றர் தாங்கி 250 நாள் தாங்கும். குளிக்கக் கிணறு இருக்கிறது. முதல் மழையைக் கூரைப் பீலியிலிருந்து வெளியே விட்டுவிடவேண்டும்.

மின்சாரம் சுலபம். இரண்டு சோலர் பனல், ஒரு லித்தியம் பற்றரி, எல்ஈடி விளக்குகள், 30 வாட்ஸ் அளவில் ஓடும் மின்விசிறிகள். பழைய கார் பற்றரி பாவிக்கவேண்டாம், அது இயந்திரத்தைக் கிளப்பச் செய்தது, இரவு முழுக்க விளக்கெரிக்க அல்ல.

போக விரும்புபவர்கள் வைகாசிக்கும் புரட்டாசிக்கும் இடையில் போங்கள், மழை தொடங்கினால் மண் வேலை நின்றுவிடும். தடித்த கையுறை, பாம்புக்காக முழங்கால்வரை சப்பாத்து, இரவுக்கு ரோச் லைட். சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை, அக்காவின் குரக்கன் புட்டும் மரக்கறிக் குழம்பும் தாராளம்.