பண்டிதரின் கொப்பிகள்

பண்டிதரின் அந்தியேட்டிக்கு (முப்பத்தோராம் நாள் கிரியைக்கு) அச்சிட்ட கல்வெட்டை, அதாவது நினைவுப் புத்தகத்தை, அவருடைய மகள் தபாலில் அனுப்பியிருந்தார். தேவாரம், திருவாசகம், வம்ச வரலாறு, படித்த பாடசாலைகள், படிப்பித்த பாடசாலைகள், கோயில் பரிபாலன சபையில் வகித்த பதவி என்று எல்லாம் முறைப்படி இருந்தன. 1979 இல் உயர்தர வகுப்பில் எங்களுக்கு அவர் சிறுகதை படிப்பித்ததைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்காக வீட்டாரைக் குறை சொல்ல முடியாது, அவர்களுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்தவர்கள் நாங்கள் நான்கைந்து பேர், அதுவும் ஆளுக்கொரு நாட்டில். பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டதும் வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

மேல்மாடி மூலை வகுப்பு, அந்தக் குடை, மூன்றாம் மணி அடித்த பிறகும் நிற்காத அந்தக் குரல். நம்மவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. நன்னூலும் கம்பனும் அவரிடம் படித்தவர்கள் பல நூறு பேர். சிறுகதை படித்தவர்கள் எங்கள் ஆண்டு மாணவர்கள் மட்டும்தான்.

அந்தக் காலத்தில் பண்டிதர்களுக்கும் சிறுகதைக்கும் அவ்வளவு ஒட்டில்லை என்பதை இளையவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். 1960களில் ஈழத்தில் பெரிய சண்டையே நடந்தது. கதைகளில் பேச்சுத் தமிழ் வருவதை 'இழிசனர் வழக்கு' என்று மரபுவாதிகள் தள்ளினார்கள். முற்போக்கு எழுத்தாளர்கள் விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நின்றார்கள். எங்கள் பண்டிதர் அதில் எந்தப் பக்கமும் பேசியதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் தமிழ் மன்றம் கையெழுத்துச் சஞ்சிகையைச் சிறுகதை மலராகக் கொண்டுவரத் தீர்மானித்தபோது, பொறுப்பை ஏற்க மற்ற ஆசிரியர்கள் தயங்க, அவர்தான் முன்வந்தார்.

முதல் கூட்டத்திலேயே ஒரு நிபந்தனை வைத்தார். "ஒருதரும் இப்ப கதை எழுதப்படாது. முதல்ல கதை எண்டால் என்னெண்டு தேடிப் பாத்துக்கொண்டு வாங்கோ."

நாங்கள் தேடியது வரைவிலக்கணங்களை. எங்கள் ஆங்கில ஆசிரியை, அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842 இல் ஹாதோர்னின் கதைகளைப் பற்றி எழுதிய மதிப்புரையிலிருந்து ஒரு பகுதியைத் தமிழில் சொல்லித் தந்தார். ஒரே இருப்பில் வாசித்து முடிக்கக்கூடியது, அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை, எல்லாச் சொற்களும் ஒரே விளைவை நோக்கிப் போகவேண்டும் என்பது அதன் சாரம். கா. சிவத்தம்பி எழுதிய 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' (1967) நூலகத்தில் இருந்தது. எங்கள் வடமராட்சியின் கரவெட்டியில் பிறந்தவர் எழுதிய புத்தகம் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை. சஞ்சிகைகளும் அவற்றை வாசிக்கும் கூட்டமும் உருவான சூழலில் சிறுகதை எப்படி வேர்விட்டது என்று அதிலிருந்து குறிப்பெடுத்தோம். எல்லாவற்றையும் அழகாக எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பண்டிதர் முழுவதையும் வாசித்தார். நல்லது என்றுதான் சொன்னார். அப்புறம் மேசையில் இருந்த சி.ஆர். கொப்பி என்கிற பெரிய குறிப்பேடு ஒன்றை எடுத்து, அடிமட்டம் வைத்து நான்கு நிரல் கீறினார். எங்கே தொடங்குகிறது? எவ்வளவு காலம் போகிறது? யார் சொல்கிறார்? எதைச் சொல்லவில்லை? நான்காவது நிரல் பக்கத்தின் பாதியைப் பிடித்திருந்தது. "இதை நிரப்புறதுக்குக் கதையைத்தான் வாசிக்கவேணும். வரைவிலக்கணம் உதவாது" என்றார். ஒவ்வொரு கதையையும் நிரப்புவதற்கு முன் கையால் முழுக்கப் பெயர்த்தெழுதவும் வேண்டும் என்பது இரண்டாவது கட்டளை.

புகைப்படப் பிரதி எடுக்க வசதியில்லாத காலம் என்பதால் பெயர்த்தெழுதுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அவர் அதைக் கேட்டது வேறு காரணத்துக்காக. கண்ணால் வாசிக்கும்போது தாண்டிப்போகிற வசனத்தைக் கை தாண்டிப்போகாது என்பது அவருடைய எண்ணம். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' சில பக்கம்தான். அதைப் பெயர்த்தெழுதியபோது, கதையின் பெரும்பகுதி அந்தத் தெருவைப் பற்றியது என்பதும், அம்மாளுவுக்கு நடப்பது கடைசியில் சில வரிகளில் முடிந்துவிடுகிறது என்பதும் கைக்குத் தெரிந்தது. வாசித்தபோது அந்தச் சில வரிகள்தான் முழுக்கதை என்று நினைத்திருந்தேன்.

'குளத்தங்கரை அரசமரம்' என் பங்குக்கு வந்தது. வ.வே.சு. ஐயர் எழுதி 1915 இல் வெளிவந்தது, தமிழின் முதற் சிறுகதை என்று பாடத்தில் படித்தது. முதலா இல்லையா என்ற விவாதத்துக்குப் பண்டிதர் ஐந்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாவது நிரலுக்குக் கீழே நான் 'மரம்' என்று எழுதியிருந்ததில் விரலை வைத்தார். "ஏன் மரம்?" ருக்மிணியின் கதையை அவளுடைய தாயோ தோழியோ சொல்லியிருக்கலாமே? நான் ஏதோ சொன்னேன். அவர் சொன்னது இன்றைக்கும் நினைவிருக்கிறது. மரத்துக்குக் கால் இல்லை. வீட்டுக்குள் போக முடியாது. குளத்துக்கு வருகிறவர்கள் பேசுவதைக் கேட்கலாம், கண்முன் நடப்பதைப் பார்க்கலாம், ஆனால் ஓடிப்போய் ஒருவரையும் தடுக்க முடியாது. "அந்த ஏலாமைதான் கதை" என்றார். யார் சொல்கிறார் என்பதை முடிவெடுத்தாலே பாதிக் கதை எழுதியாகிவிட்டது என்பதை அதற்குப் பிறகு நான் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாகக் காணவில்லை.

ஈழத்துக் கதைகளைத் தேடுவது கடினமாக இருந்தது. இந்தியக் கதைகள் புத்தகமாகக் கிடைத்தன. நம்முடையவை பழைய பத்திரிகைகளுக்குள் கிடந்தன. சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா 1930 இல் தொடங்கிய ஈழகேசரி, வரதரும் நண்பர்களும் 1946 முதல் இரண்டு ஆண்டுகளளவில் நடத்திய மறுமலர்ச்சி, இவற்றின் இதழ்களை யார் வைத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிந்தோம். இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் ஈழகேசரியைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார். வெளியே கொண்டுபோக விடமாட்டார். விறாந்தையில் பாய் போட்டு, அங்கேயே இருந்து எழுதச் சொல்வார். அவருடைய மனைவி தேத்தண்ணியும் பனங்கட்டியும் தருவார். சனிக்கிழமைகளில் பருத்தித்துறை பஸ்ஸில் யாழ்ப்பாணம் பொது நூலகம் போவோம். பண்டிதர் சொல்லியிருந்தார், ஏறும்போது ஒரு கதையைத் தொடங்குங்கள், இறங்குவதற்குள் முடிந்தால் போ சொன்ன அளவு சரி என்று. வல்லை வெளிக் காற்றில் தாள் பறக்காமல் பிடித்துக்கொண்டு கு.ப. ராஜகோபாலனின் கதைகளை வாசித்ததை நினைத்தால் இப்போதும் அந்த உப்புக் காற்று வாசிக்கிற கதைக்குள் வந்துவிடுகிறது. திரும்பி வரும்போது கஸ்தூரியார் வீதிப் பக்கம் போய் 'மல்லிகை' சஞ்சிகை வாங்குவோம். அதைக் கையில் சுமந்து தெருத்தெருவாக விற்ற அதன் ஆசிரியர் டொமினிக் ஜீவாவைக் காணாதவர்கள் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் குறைவு.

நான் பெயர்த்தெழுதியவற்றில் மனதுக்கு மிக நெருக்கமானது இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்'. இளம் தம்பதி வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குப் போகிறார்கள். அவளுடைய பாதசரம் ஒன்று காலிலிருந்து கழன்று தொலைந்துபோகிறது. அவனுக்குக் கோபம் வருகிறது, பிறகு ஆறுகிறது. இவ்வளவுதான். அந்த மணலில் கால் புதைய நடந்தவர்கள் நாங்கள் எல்லோரும். நம்முடைய மணல் ஒரு கதைக்குள் இருக்கலாம் என்பதே எங்களுக்குப் பெரிய செய்தி. பண்டிதர் கேட்டார்: "ரெண்டும் துலைஞ்சிருந்தால்?" வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. இரண்டும் தொலைந்தால் நகை போயிற்று, அவ்வளவுதான். ஒன்று தொலைந்தால் மற்றது காலில் மிஞ்சுகிறது. அவள் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் இல்லாததை நினைவூட்டும். நான்காவது நிரலில் இதை எழுதச் சொன்னார். இலங்கையர்கோன் 1961 இல் காலமானவர், அவருடைய கதைகள் அவர் மறைந்த பிறகுதான் தொகுப்பாக வந்தன என்று சொல்லும்போது பண்டிதரின் குரல் சற்று இறங்கியது. எழுதியவர் கையில் தன் புத்தகத்தை வைத்துப் பார்க்காமலே போய்விட்டாரே என்ற ஆற்றாமை அது.

அதன் பிறகுதான் எங்களைக் கதை எழுத விட்டார். உரையாடல்களில் நாங்கள் வீட்டில் பேசுகிறபடியே எழுதியிருந்தோம். பண்டிதர் என்பதால் பயந்துகொண்டுதான் கொடுத்தோம். அவர் எங்கள் எழுத்துப் பிழைகளைத் திருத்தினார், வசனங்களைக் குறுக்கினார், கதைமாந்தரின் பேச்சில் மட்டும் கைவைக்கவில்லை. "கிழவி தன்ரை வாயாலைதான் கதைப்பாள்" என்றார். சஞ்சிகை ஒரே கையெழுத்துப் பிரதியாக வெளிவந்தது. கதைகள் மட்டும் ஸ்டென்சில் வெட்டி ரோனியோ என்ற படியெடுக்கும் இயந்திரத்தில் கொஞ்சப் பிரதி போட்டு வகுப்புகளுக்குக் கொடுத்தோம்.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். 1959 இல் திறந்த கட்டிடம். 97,000 அளவில் நூல்களும் சுவடிகளும் போயின. நாங்கள் சோதனை முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்த நாட்கள். அந்தக் கிழமை பண்டிதர் சைக்கிளில் எங்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் வந்தார். ஆசிரியர் மாணவன் வீட்டுக்கு வருவது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல, அம்மா பதறிப்போனார். அவர் உள்ளேகூட வரவில்லை. படலையடியில் நின்றபடி, "தம்பி, அந்தக் கொப்பியளைத் தாரும்" என்றார். வேறு ஒன்றும் பேசவில்லை. எல்லோருடையதையும் சேர்த்துத் தைத்து, மட்டை போட்டுக் கட்டி வைத்திருந்தார் என்று பிறகு அறிந்தேன். 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை வந்து சனம் சிதறியபோது அந்தக் கட்டையும் தூக்கிக்கொண்டுதான் வீட்டை விட்டுப் போனாராம்.

நான் அதற்கு முன்பே, 1984 இல் புறப்பட்டுவிட்டேன். போகிறேன் என்று சொல்லப் போனபோது, "போய் எழுதும்" என்றார். கடிதம் எழுதச் சொல்கிறார் என்று அம்மா நினைத்தார். எனக்குத் தெரியும் அவர் எதைச் சொன்னார் என்று.

ரொறன்ரோவுக்கு அவருடைய நீலக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. ஊர்ப் புதினம் ஒரு பந்தி, கோயில் விசேஷம் ஒரு பந்தி, கடைசியில் எப்போதும் ஒரே கேள்வி: கதை எழுதினீரா? எழுதத் தொடங்குவேன். இரவு வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் எழும்புவதற்கு முன் கிடைக்கிற நேரத்தில் இருந்து எழுதுவேன். பாத்திரங்கள் பேசத் தொடங்கியதும் அவர்கள் 1984 இல் நின்றுவிடுவதை உணர்வேன். ஊரில் பேச்சு மாறிக்கொண்டிருந்தது, புதிய சொற்கள் வந்துகொண்டிருந்தன, பழைய பயங்கள் போய்ப் புதிய பயங்கள் வந்துகொண்டிருந்தன. அவையெல்லாம் எனக்குத் தொலைபேசி வழியாகத்தான் தெரியும். இதை ஒருமுறை அவருக்கு எழுதினேன். அவர் பதில் எழுதினார்: அங்கையும் மனுசர்தானே இருக்கினம், அவையைப் பற்றி எழுதும். 1964 இல் 'அக்கா' தொகுப்பைத் தந்த கொக்குவில்காரரான அ. முத்துலிங்கம் எத்தனையோ நாட்டு மனிதர்களை ஈழத் தமிழில் நடமாட விட்டவர், இதே கனடாவில் இருந்தும் எழுதுகிறார். அவரை வாசிக்கும்போதெல்லாம் பண்டிதர் சொன்னது சரிதான் என்று தோன்றும்.

ஊரிலேயே தங்கிவிட்ட நம் வகுப்புத் தோழர் ஒருவர் எழுதினார். மல்லிகையில் அவருடைய கதைகள் வந்தன. எத்தனை இடப்பெயர்வு, எத்தனை இழப்பு, அவற்றுக்கு நடுவில் எழுதினார். அவருடைய கதைகளில் பண்டிதரின் நான்காவது நிரல் இருக்கிறது. எதைச் சொல்லாமல் விடவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நானும் நின்றிருந்தால் என்று நினைக்காத நாள் குறைவு. என் பிள்ளைகள் இங்கே நன்றாக இருக்கிறார்கள், அந்த நன்றியை மறக்கவில்லை. ஆனாலும் அந்த விறாந்தைப் பாயில் தொடங்கிய ஒன்றை நான் பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்ற எண்ணம் வயது ஏற ஏறக் கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

கல்வெட்டு கிடைத்ததும் மகளுக்கு அழைப்பெடுத்தேன். அந்தக் கொப்பிக் கட்டைப் பற்றிக் கேட்டேன். இருக்கிறது என்றார். அலுமாரியின் அடித்தட்டில், புடவைத் துண்டில் சுற்றி. ஓரங்களைக் கறையான் தின்றிருக்கிறது, சில இடங்களில் மை பரவியிருக்கிறது, ஆனால் வாசிக்கலாம் என்றார். ஈழகேசரியிலிருந்து நாங்கள் பெயர்த்தெழுதியவற்றில், பின்னால் வந்த எந்தத் தொகுப்பிலும் நான் காணாத கதைகள் சில அதில் உண்டு. விறாந்தையில் எங்களை இருத்தி எழுதவைத்த அந்த இளைப்பாறிய ஆசிரியரின் வீடு இப்போது இல்லை. அவருடைய ஈழகேசரிக் கட்டுகளும் இல்லை.

ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் ஆவணப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்திடம் இதைக் கொடுக்கவேண்டும் என்று மகளிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்திருக்கிறார். ஆனால் அந்தக் கட்டு முழுமையானதல்ல. 1979 வகுப்பில் இருவர் தங்கள் கொப்பிகளைப் பண்டிதரிடம் கொடுக்கவில்லை, அவர்கள் அப்போதே கொழும்புக்குப் போய்விட்டார்கள். ரோனியோப் பிரதிகளில் ஒன்றுகூட அந்தக் கட்டில் இல்லை. மெல்பேர்னிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். நான்கு நிரல் கீறிய கொப்பி எது கிடைத்தாலும், ஒரு தாள்தான் என்றாலும், படம் எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். கதையின் பெயர் கிழிந்திருந்தால் பரவாயில்லை, நாங்கள் நான்கைந்து பேர் இருந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடுவோம்.