ஒரே ஒரு பழைய ஆங்கிலச் சொல்லும் எனது நெட் தேர்வும்

மூன்றாவது முறையாக எழுதிய நெட் ஆங்கிலத் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது என்பதை, முடிவு வெளியான இரவில் மதிப்பெண் பக்கத்தை நான்கைந்து முறை திறந்து பார்த்த பிறகுதான் நம்பினேன். ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப் கிடைக்கவில்லை, அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. முந்தைய இரண்டு முறையும் என்னைக் கீழே இழுத்தது, நம்மில் பலர் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கும் மொழி வரலாறுதான். ஆகவே இலக்கியக் கோட்பாட்டையோ முதல் தாளையோ பற்றி இங்கே எதுவும் எழுதப்போவதில்லை.

என் தவறு ஒன்றே ஒன்று. இலத்தீன் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒத்திருப்பதைக் கண்டால், ஆங்கிலம் அதை இலத்தீனிடமிருந்து கடன் வாங்கியது என்று உடனே முடிவு செய்துவிடுவேன். ஒரே மூலத்திலிருந்து பிறந்த இனச்சொல் வேறு, பிற மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட கடன்சொல் வேறு என்ற வரையறை எனக்கு மனப்பாடம். ஆனால் ஒரு சொல்லைக் காட்டி இது எந்த வகை என்று கேட்டால் தடுமாறுவேன். இந்தோ-ஐரோப்பிய மூல மொழியின் மெய்யொலிகள் ஜெர்மானியக் கிளையில் எப்படி மாறின என்று சொல்லும் கிரிம் விதியின் அட்டவணையை முழுதாக ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அதைப் பயன்படுத்தத் தெரியவில்லை.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு விடுதி இரவில் ஆடிய, எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டம். பலகையில் ‘ஹோல்’ என்ற சொல் கிடந்தது. அறைத்தோழி அதன் முன்னால் டீ என்ற எழுத்தை வைத்து ‘தோல்’ என்றாள். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று நான் மறுத்தேன், அகராதியில் இருந்தது, என் முறையை இழந்தேன். டீ, ஹெச், ஓ, எல், ஈ என்ற ஐந்து எழுத்துகள், எட்டுப் புள்ளிகள். அன்றிரவு அந்தச் சொல்லைத் தேடத் தொடங்கியவள், அடுத்த இரண்டு மாதங்கள் அதைவிட்டு வெளியே வரவில்லை.

தமிழில் எழுதும்போது நம் உடலின் தோலைப் போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் தொடர்பில்லை. இது ‘தின்’, ‘த்ரீ’ ஆகிய ஆங்கிலச் சொற்களின் முதலில் வரும் உரசொலி. தாங்குதல், பொறுத்துக்கொள்ளுதல், துன்பத்தை அனுபவித்தல் என்பவை இதன் பொருள். பழைய ஆங்கில வடிவம் ‘தோலியன்’. இரண்டாம் வகுப்பு வலுவில் வினை, அதாவது விகுதி சேர்த்து இறந்தகாலம் காட்டும் வினை. இறந்தகால வடிவம் ‘தோலோடெ’. அந்தக் காலத்தில் இதன் முதல் ஒலியை ‘தார்ன்’ என்ற ஒற்றை எழுத்தால் எழுதினார்கள். பழைய ஜெர்மானிய மொழிகளான நார்ஸ், கோதிக் ஆகியவற்றிலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. ஜெர்மனில் பொறுமையைக் குறிக்கும் ‘கெடுல்ட்’ இதே குடும்பம்தான்.

இலத்தீனின் ‘டோலராரே’ என்ற வினையும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. மூல மொழியின் டகர வெடிப்பொலி இலத்தீனில் அப்படியே நின்றது. ஜெர்மானியக் கிளையில் உரசொலியாக மாறியது. எனவே ‘தோல்’ இனச்சொல். ‘டாலரேட்’ என்பதோ 16ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த கடன்சொல். அதனால்தான் அதில் டகரம் மாறாமல் இருக்கிறது. ஒரே வேர் ஒரே மொழிக்குள் இரண்டு வாசல்கள் வழியாக நுழைந்திருக்கிறது. இந்த ஒரு சோடியைப் புரிந்துகொண்டால் கிரிம் விதியின் முதற்பகுதி உங்கள் கையில் இருக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்றும் உண்டு. சமஸ்கிருதத்தில் தராசைக் குறிக்கும் ‘துலா’ இதே வேரிலிருந்து வந்தது. தூக்கி நிறுத்துவது என்ற பொருள் அங்கே எடைபோடுவதாயிற்று. துலாம் ராசி, துலாபாரம், ஐப்பசியில் காவிரியில் ஆடும் துலா நீராடல் ஆகியவற்றில் நாம் சொல்வது அந்தச் சொல்லைத்தான். சமஸ்கிருதத் துலாவும் ஆங்கிலத் ‘தோலும்’ இனச்சொற்கள். தமிழில் உள்ள துலாமோ கடன்சொல். இதைக் கண்டுகொண்ட நாளுக்குப் பிறகு இவ்விரண்டையும் நான் ஒருமுறைகூடக் குழப்பிக்கொள்ளவில்லை.

இலக்கியப் பக்கம் இதைவிட வளமானது. பழைய ஆங்கிலக் காப்பியமான பெயோவுல்ஃபில் இந்த வினை முதலில் வருவது 87ஆவது வரியில். அங்கே துன்பத்தைத் தாங்குவது அரக்கனாகிய கிரெண்டல், அரண்மனையின் மகிழ்ச்சி ஒலி அவனுக்குப் பொறுக்கவில்லை. 131ஆவது வரியில் அதே வினை மன்னன் ஹ்ரோத்காருக்கு வருகிறது. கிரெண்டல் அவனுடைய வீரர்களைக் கொன்றுவிட்டுப் போயிருக்கிறான். கொன்றவனுக்கும் இழந்தவனுக்கும் ஒரே வினைச்சொல். சுருக்க உரையை மட்டும் படித்திருந்த முதல் இரண்டு முறைகளில் இது என் கண்ணில் படவே இல்லை.

14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் ஃப்ரையர் கதையில், சேற்றில் சிக்கிய வண்டிக்காரன் உங்களால் நான் எவ்வளவு துன்பம் தாங்கியிருக்கிறேன் என்று தன் குதிரைகளிடம் கத்தும்போது இந்தச் சொல்லைத்தான் சொல்கிறான். பிரெஞ்சு வழியாக வந்த ‘சஃபர்’, ‘என்டியூர்’ ஆகியவை பின்னர் தெற்கே இதன் இடத்தைப் பிடித்துக்கொள்ள, இது வடக்கே ஒதுங்கியது. 1785இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் எழுதிய சுண்டெலிக் கவிதையில், ஏர் ஓட்டியதால் கூட்டை இழந்த எலி குளிர்கால ஈரத்தைத் தாங்க வேண்டியிருப்பதை இச்சொல்லே சொல்கிறது. ஒரே குற்றத்துக்கு ஒருவர் ஏற்கெனவே விசாரணையை அனுபவித்துவிட்டார் என்ற வாதத்துக்கு ஸ்காட்லாந்துச் சட்டத்தில் ‘தோல்டு அசைஸ்’ என்று பெயர். அயர்லாந்துக் கவிஞர் ஷேமஸ் ஹீனி தம் பெயோவுல்ஃப் மொழிபெயர்ப்பின் முன்னுரையில், பழைய ஆங்கிலச் சொல்லடைவில் அந்நியமாகத் தெரிந்த இந்த வினை, வட அயர்லாந்தில் தம் அத்தை வாயிலிருந்து கேட்டு வளர்ந்த சொல்தான் என்று உணர்ந்ததை எழுதுகிறார். அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள்.

படகின் விளிம்பில் துடுப்பைத் தாங்கி நிற்கும் முளைக்கும் ஆங்கிலத்தில் ‘தோல்’ என்றே பெயர். எழுத்து ஒன்றாக இருந்தாலும் அது வேறு சொல்.

நான் படித்த முறை இதுதான். மெதுவாகப் படிப்பவர்களுக்கு இது பொருந்தும். விரைவாகப் படிப்பவர்களுக்குச் சலிப்பூட்டலாம்.

ஒரு வாரத்துக்கு ஒரு சொல் போதும்.

ஒலி மாற்றம், வினை வகுப்பு, வரும் நூல், இடத்தைப் பறித்த சொல் ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்.

சொற்களை ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள். தமிழில் எழுதினால் வெடிப்பொலியும் உரசொலியும் ஒரே தகரத்துக்குள் மறைந்துவிடும்.

ஒவ்வொரு சொல்லையும் ஸ்கிராபிள் எழுத்துகளாகக் கலைத்து அடுக்குங்கள்.

கடைசிக் குறிப்பைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க வேண்டாம். ‘தோலின்’ ஐந்து எழுத்துகளைக் கலைத்தால் ‘ஹோட்டல்’ கிடைக்கும். ஸ்பார்டாவின் அடிமை உழவரைக் குறிக்கும் ‘ஹெலட்’ கிடைக்கும். பன்மைக்குரிய எஸ் எழுத்தைச் சேர்த்தால் அந்த மூன்றின் பன்மைகளோடு ‘ஹாஸ்டல்’ என்பதும் வந்துவிடும். ‘ஹோல்’ முன்னால் டீ (T) வைத்தால் தாங்குதல், டி (D) வைத்தால் நம் காடுகளின் செந்நாய். கிரேக்கம், பழைய ஆங்கிலம், பிரெஞ்சு என வேறு வேறு வழிகளில் வந்த சொற்கள் ஒரே ஆறு எழுத்துகளில் அடங்குவதைக் கையால் அடுக்கிப் பார்த்தபோது, எது எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மறக்கவே இல்லை.

அடுத்த சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெயோவுல்ஃபின் அதே 131ஆவது வரியின் கடைசியில் ‘ட்ரெயாஹ்’ என்ற வினை நிற்கிறது. அதன் மூல வடிவம் ‘ட்ரெயோகன்’, இரண்டாம் வகுப்பு வல்வினை (உள்ளிருக்கும் உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டும் வினை), அதற்கும் தாங்குதல் என்றே பொருள். டி, ஆர், இரண்டு ஈ என்ற நான்கு எழுத்துகளாக அது ஸ்காட்லாந்தில் எஞ்சியிருக்கிறது; ஸ்கிராபிளில் ஐந்து புள்ளிகள் தரும். வலுவில் வினையும் வல்வினையும் ஒரே வரியில் அருகருகே கிடைப்பதால், உங்கள் இரண்டாவது வாரத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.