கால் வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை

வீட்டில் பெரியவர்கள் யாராவது இரண்டு இடங்களில் பி.பி. மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்களா? அப்படியென்றால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். என் அப்பா இப்போது எழுந்து நடமாடுகிறார், பேப்பர் படிக்கிறார். ஆனால் போன மாதம் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில், என்னைப் பார்த்து "நீ யார் வீட்டுப் பெண்?" என்று கேட்டார். பக்கவாதம் என்றுதான் நாங்கள் எல்லோரும் பயந்தோம். கடைசியில் பார்த்தால், எல்லாவற்றுக்கும் காரணம் மாத்திரைகள்.

அப்பாவுக்கு வயது 74. அம்மாவோடு மன்னார்குடியில் இருக்கிறார். பல வருடங்களாக பி.பி.க்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு அம்மா வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. கோடையில் மூட்டுவலி அதிகமாகி, வலி மாத்திரை தினமும் என்று ஆனது. பி.பி. 170-ஐத் தொட்டது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும் என்று அப்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஊரிலேயே ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினார்கள். புது மாத்திரை ஒன்று எழுதி, "பழையதையும் விடாமல் சாப்பிடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் புது மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஏ.எம்.' என்று இரண்டு எழுத்து இருந்தது. டெல்மிசார்டன் என்ற இன்னொரு பி.பி. மருந்து 40 மில்லிகிராம், அதோடு அம்லோடிபின் 5 சேர்ந்த கூட்டு மாத்திரை அது. அரசு கொடுத்த பட்டையில் மருந்தின் பெயர் 'அம்லோடிபின்' என்றே இருக்கிறது. கடை மாத்திரையின் அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் எறும்பு ஊர்ந்ததுபோலவும் இருக்கிறது. இரண்டிலும் ஒரே மருந்து இருக்கிறது என்று எழுபது வயது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "ஏற்கெனவே என்ன மாத்திரை?" என்று கிளினிக்கில் கேட்டபோது, "வெள்ளையாக, சின்னதாக, காலையில் ஒன்று" என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஆக, அன்று முதல் அப்பாவுக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம்.

பி.பி. இறங்கியது. கால் வீங்கியது. செருப்பு வார் பட்ட இடம் பள்ளமாகவும் அதன் இருபுறமும் சதை பிதுங்கியும் நின்றது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து, நிரம்ப வெகுநேரம் ஆனது. அம்லோடிபின் தமனிகளின் நுனிக் குழாய்களை விரிக்கிறது. அதனால் நீர் கசிந்து கணுக்காலில் இறங்குகிறது. டோஸ் கூடினால் வீக்கமும் கூடும். உடம்பில் நீர் அதிகமாகிவிட்டதால் வருகிற வீக்கம் இல்லை இது. ஆகவே சிறுநீரை வெளியேற்றும் மாத்திரையால் பெரிய பலன் கிடையாது. இதையெல்லாம் பிறகு ஒரு இளம் மருத்துவர் காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். ஆனால் வீக்கத்தைக் காட்டப் போன அன்று கிளினிக்கில் இருந்த வேறொரு டாக்டர் காலைப் பார்த்தவுடனே நீர் மாத்திரை எழுதினார்: குளோர்தாலிடோன் 25. "உப்பை நன்றாகக் குறையுங்கள், வெயில் காலம், தண்ணீர் நிறையக் குடியுங்கள்" என்றும் சொன்னார். ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதவில்லை.

அம்மா சொன்னதைச் செய்து முடிப்பவர். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் பரணுக்குப் போயின. ரசத்தில்கூட உப்பு பேருக்குத்தான். கண்ணில் படும்போதெல்லாம் அப்பா கையில் ஒரு சொம்புத் தண்ணீர். மாத்திரை உப்பை வெளியே தள்ளுகிறது, சாப்பாட்டில் உப்பு இல்லை, மேலே மேலே தண்ணீர். ரத்தத்தில் சோடியம் இறங்காமல் என்ன செய்யும்?

முதலில் சாப்பாடு பிடிக்கவில்லை. பிறகு குமட்டல், தள்ளாட்டம். டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்க மறந்து உட்கார்ந்திருப்பாராம். அம்மா கிளினிக்குக்குப் போன் செய்தார். எடுத்த பெண் டாக்டரிடம் கேட்கவே இல்லை. "வயசானால் அப்படித்தான் இருக்கும்மா, திங்கட்கிழமை டோக்கன் போடுகிறேன்" என்று வைத்துவிட்டார். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. புது மாத்திரை தொடங்கிய பிறகு பெரியவர்களுக்குக் குழப்பமோ தள்ளாட்டமோ வந்தால், வயதைக் காரணம் சொல்லி யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப விடாதீர்கள். அன்றே ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பாருங்கள்.

திங்கட்கிழமை வரவில்லை. அதற்கு முன்பே அப்பா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். 108-ல் தஞ்சாவூர். தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ரத்த முடிவு வந்தது: சோடியம் 116. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

"என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் அக்கா? பட்டையோடு வேண்டும்" என்றார் பணியிலிருந்த இளம் மருத்துவர். பக்கத்து வீட்டுத் தம்பி மாத்திரை டப்பாவைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பினான். கடையில் வாங்கிய பட்டைகளில் பெயரே இல்லை! கடைக்காரர் பத்து மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிக் கொடுத்ததில், பெயர் இருந்த பாதி கடையிலேயே தங்கிவிட்டது. எங்களிடம் இருந்த துண்டில் விலையும் பாதித் தேதியும்தான். கிளினிக்கில் கேட்டால், "சீட்டு உங்களிடம்தானே இருக்கும், நாங்கள் எடுத்து வைப்பதில்லை" என்றார்கள். சீட்டைத் தேடி நான் மன்னார்குடிக்குப் போய்த் திரும்பியது வீண் அலைச்சல். மழையில் நனைந்து எழுத்து அழிந்த ஒரு தாள்தான் கிடைத்தது.

கைகொடுத்தது மருந்துக்கடை பில். பழைய பில்லை எடுத்துத் தர முடியாது என்று முதலில் மறுத்தார் கடைக்காரர். அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று நான் குரலை உயர்த்தியதும் உள்ளிருந்து முதலாளி வந்து, போன் நம்பரைத் தட்டி, மூன்று பில்களையும் எடுத்துக் கொடுத்தார். மாத்திரைப் பெயர், தேதி, எண்ணிக்கை எல்லாம் அதில் இருந்தன. பில்லைப் பார்த்த மருத்துவர், "அம்லோடிபின் ரெண்டு தடவை, அதனால் வீக்கம், வீக்கத்துக்காக குளோர்தாலிடோன், அதனால் சோடியம்" என்று பேனாவால் வரிசையாகக் கோடு இழுத்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

உப்பு நீர் டிரிப் மிக மெதுவாக ஏறியது. வேகமாக ஏற்றுங்களேன் என்று நான் செவிலியரிடம் மன்றாடினேன். அவர் மசியவில்லை. சோடியத்தை ஒரே நாளில் அதிகம் உயர்த்தினால் மூளை நரம்புகள் நிரந்தரமாகச் சேதமாகிவிடுமாம். அதனால் ஒரு நாளைக்கு எட்டுப் புள்ளிக்குள் நிறுத்தப் பார்ப்போம், அதற்காகத்தான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறோம் என்றார். அப்படி நேரும்போது நீங்களும் அவசரப்படுத்தாதீர்கள்.

அப்பா தெளிந்தார். என் பெயரைச் சொன்னார். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் இன்னொரு இடி. டிஸ்சார்ஜ் சம்மரியின் மாத்திரைப் பட்டியலில் குளோர்தாலிடோன் 25 அப்படியே அச்சாகியிருந்தது! பில்லைப் பார்த்து முன்பு எழுதிய பழைய பட்டியலைக் கம்ப்யூட்டரில் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பில் கையில் இருந்ததால் வரிக்கு வரி ஒப்பிட்டுக் கண்டுபிடித்தேன். தட்டச்சு செய்தவர், "வெளியே போய் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இதை மாற்ற முடியாது" என்றார். நான் நகரவில்லை. டாக்டர் வந்து அடித்து, திருத்தி, புதிதாக அச்செடுத்துக் கொடுத்த பிறகுதான் ஆட்டோ ஏறினோம். டிஸ்சார்ஜ் தாளை வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள். வீட்டுக்கு வந்து மடித்து வைத்தால் அந்த மாத்திரைதான் மறுபடி வயிற்றுக்குள் போகும்.

இப்போது டெல்மிசார்டன் 40 மட்டும், தனி மாத்திரையாக. வலி மாத்திரை நின்றது, மூட்டுக்குத் தைலமும் உடற்பயிற்சியும்தான். அம்லோடிபின் உடம்பை விட்டுப் போக நாள் பிடிக்கும். கால் வீக்கமும் மெல்லத்தான் வற்றியது. பி.பி. 140-ஐ ஒட்டி நிற்கிறது, இந்த வயதுக்கு அவசரப்பட்டு இறக்க வேண்டாம் என்கிறார் மருத்துவர். டெல்மிசார்டன் பொட்டாசியத்தைக் கூட்டலாம் என்பதால் தினமும் இளநீர் என்ற பழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த பி.பி. மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் இதயத்துக்கே ஆபத்து. பட்டைகளை அள்ளிக்கொண்டு போய் மருத்துவர் முன்னால் கொட்டுங்கள், அது போதும்.

கடைக்காரர் இப்போது பெயர் இருக்கும் பக்கம் எங்களுக்கு வரும்படிதான் வெட்டுகிறார். வெட்ட முடியாவிட்டால் முழுப் பட்டையாக வாங்கிக்கொள்கிறோம். வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் அந்தத் திட்டத்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், மீதி அம்லோடிபினைத் திருப்பி வாங்கிக்கொண்டு தன் பதிவேட்டில் மாற்றிக் குறித்தார். "நீர் மாத்திரை ஒத்துக்கொள்ளாது" என்று அப்பாவின் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வாங்கியிருக்கிறேன். வரும் வாரம் மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்: சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின்.