தூங்கிய நெல்லும் கதிரில் விழித்த நெல்லும்

போன ஐப்பசியில் ஒரு பெரியவர் மஞ்சள் பையில் இரண்டு கிலோ நெல்லோடு எங்கள் விதைப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தார். குறுவையில் அறுத்த நெல். அதையே தாளடிக்கு விதைக்க எண்ணி, வீட்டில் ஒரு படி எடுத்து ஊறவைத்து, சாக்கில் கட்டி மூட்டம் போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று நாள் ஆகியும் பாதிக்குமேல் முளை கட்டவில்லை.

"ஏனம்மா, செத்த விதையா இது?"

முறைப்படி 400 விதைகளை ஈரத் தாளில் பரப்பி, ஐந்தாம் நாள் ஒரு தடவையும் பதினான்காம் நாள் ஒரு தடவையும் எண்ண வேண்டும். அவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை, நாற்றங்கால் காத்திருக்கிறது. ஊறிய நெல் சிலவற்றை முளைக்கரு வழியாக நெடுக்கில் பிளந்து டெட்ரசோலியம் கரைசலில் போட்டேன். நிறமற்ற கரைசல் அது; உயிருள்ள திசுவில் பட்டால் மட்டும் சிவக்கும். அத்தனை முளைக்கருவும் குங்குமம் தடவியதுபோல் சிவந்து நின்றன.

"உயிர் இருக்கிறது ஐயா. தூங்குகிறது."

"அப்படியானால் எழுப்பிக் கொடுங்கள்" என்றார், ஏதோ பேரனை எழுப்பச் சொல்வதுபோல.

இந்தத் தூக்கம் கதிரிலேயே ஏற்பாடாகிவிடுகிறது. பால் பிடித்து மணி முற்றும்போது முளைக்கருவில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடுகிறது. அதன் சொல்லைக் கேட்டு நடக்கும் மேலாள் ஒரு மரபணு. மக்காச்சோளத்தில் விபி1 என்று பெயர். அதன் புரதம் மற்ற மரபணுக்களை முடுக்கி, சேமிப்புப் புரதங்களையும், காயும்போது செல்லைக் காக்கும் புரதங்களையும் செய்ய வைக்கும். முளைக்கும் வேலையைத் தள்ளிப்போடும். அது பழுதானால் மக்காச்சோளம் கதிரிலேயே முளைக்கும். 1991இல் அதன் வேலை துலங்கியது. நெல்லில் இதன் உறவுக்காரருக்குக் கீழே எஸ்டிஆர்4 என்று இன்னொரு மரபணு இருக்கிறது. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். நன்றாகத் தூங்கும் கசலத் நெல்லில் அது வலுவாக இருக்கிறது. சட்டென்று விழிக்கும் நிப்பான்பாரே நெல்லில் மெலிந்திருக்கிறது.

விழிப்பதும் லேசான காரியமில்லை. தண்ணீர் பட்டவுடன் விதை புதிதாக எழுதி முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. காய்வதற்கு முன்பே எழுதி மடித்துவைத்த தூது ஆர்.என்.ஏ.க்களை, அதாவது புரதம் செய்வதற்கான குறிப்புகளை, பிரித்துப் படிக்கிறது. 1965இல் பருத்தி விதையில் இதைக் காட்டினார்கள்: புதுத் தூது எழுதுவதை மருந்து போட்டுத் தடுத்தும், முளைப்பின் தொடக்கத்தில் புரத உற்பத்தி நிற்கவில்லை.

அடுத்து ஜிப்பரெல்லின் வருகிறது. நெல்லின் நோயிலிருந்து கிடைத்த ஹார்மோன் இது. நாற்றை நெட்டையாக வளர்த்துச் சாய்க்கும் பூஞ்சையின் சாறே அந்த வேலையைச் செய்கிறது என்று 1926இல் தைவானில் குரோசாவா கண்டார். அதைப் பிடிக்கும் ஏற்பி 2005இல் சிக்கியது, அதுவும் நெல்லில்தான். ஜிப்பரெல்லின் வந்து ஒட்டியதும் அந்த ஏற்பி, வழியை மறித்து நிற்கும் புரதத்தைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. தடை நீங்கியதும் உமிக்குள் இருக்கும் அலியூரோன் படலம் அமைலேஸ் நொதியைச் சுரந்து மாவைச் சர்க்கரையாக்குகிறது. முளைகட்டிய நெல்லை மென்று பார்த்தவர்களுக்கு அந்த இனிப்பு தெரியும்.

முளைத்த பிறகு பழைய விதைப் பாடத்தை மூடி முத்திரையிட வேண்டும். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் கடுகு இனத்துச் சிறுசெடி அராபிடாப்சிஸ். அந்தக் காவல் தவறிய ஒரு அராபிடாப்சிஸ் செடி, நாற்றான பிறகும் வேரில் விதை எண்ணெயைச் சேர்க்கிறது. வேர் பச்சையாக வீங்கி ஊறுகாய் வெள்ளரி போல் ஆகிவிடுகிறது. அந்த மரபணுவுக்கு 'பிக்கிள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் கூடத்தில் தயிர்சாத நேரத்தில் நான் அடிக்கடி சொல்லும் கதை.

பெரியவரின் விதையை எழுப்ப எங்களிடம் பழைய வழிகள்தான். ஒரு பங்கை 50 டிகிரி சூட்டில் ஐந்து நாள் வைத்தேன். இன்னொரு பங்குக்கு 0.2 விழுக்காடு பொட்டாசியம் நைட்ரேட். இந்தக் கரைசலைப் பல வருடங்களாகக் கலக்கியிருக்கிறேன், 'அப்படித்தான் கைநூலில் இருக்கிறது' என்பதைத் தாண்டி யோசித்ததில்லை. 2016இல் அராபிடாப்சிஸில் விளக்கம் வந்தது: நைட்ரேட்டை உணரும் ஒரு புரதம், அப்சிசிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியின் மரபணுவை இயக்கிவிடுகிறது. வயலில் உரம் இருக்கிறது, எழுந்து வா என்பதுதான் சேதி. நான் இத்தனை நாளும் விதையிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சூட்டில் வைத்த பங்கு 91 விழுக்காடு முளைத்தது. சான்று விதைக்கு 80 போதும். ஆனால் அதற்குள் அவர் வேறு விதை வாங்கித் தெளித்துவிட்டார்.

அதே வாரம் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து அண்ணன் அழைத்தான். அறுப்புக்கு நின்ற குறுவை மூன்று நாள் மழையில் சாய்ந்து, கதிரிலேயே வெள்ளை முளை விட்டிருந்தது. ஈரமும் கதகதப்பும் சேர்ந்தால் மணிக்கு அதுவும் மூட்டம்தான். உள்ளே மாவு கரையத் தொடங்கியிருக்கும், அரைத்தால் நொய்யாகும். மழையைத் திட்டித் தீர்த்தான். மழை மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தோன்றியது. சாக்கில் கட்டியதும் ஒரே நாளில் முளைக்கும் விதையைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வாங்குகிறோம். மூன்று நான்கு வாரம் தூங்கிப் பிறகு எழும் நெல்தான் டெல்டாவுக்குத் தேவை. அதைக் கேட்டால், பெரியவரைப்போல் அவசரப்படுகிறவர்கள் என்னைத் திட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அண்ணன் ஒரு கதிரை உருவி என் கையில் வைத்தான். ஒவ்வொரு மணியிலும் அரை விரல் நீளத்துக்குப் பச்சை.

"நாற்றங்கால் செலவு மிச்சம்" என்றான்.