இறைத்த தண்ணீர் எங்கே போகிறது?

என் ஆய்வுகூடம் கொழும்பில். நான் ஆராயும் தண்ணீர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில். இரண்டுக்கும் நடுவே இரவு பஸ். விடியற்காலை வெள்ளவத்தையில் ரெஜிபோம் பெட்டியோடு இறங்கினால் பார்ப்பவர்கள் மீன் என்றுதான் நினைப்பார்கள். என் பெட்டியில் ஐஸுக்கு நடுவே கிணற்றுத் தண்ணீர்ப் போத்தல்கள் இருக்கும். நைத்திரேற்று அளக்கும் மாதிரியைக் குளிரில் வைக்காவிட்டால் வழியிலேயே நுண்ணுயிர்கள் அதை மாற்றிவிடும். அதனால் காலி வீதியில் ஓட்டோ பிடித்து நேரே ஆய்வுகூடம். குளிப்பு, சாப்பாடு எல்லாம் அப்புறம்.

தோட்டத்துக்கு இறைத்த தண்ணீரில் பயிர் எவ்வளவு எடுக்கிறது, எவ்வளவு மறுபடி நிலத்தடிக்கு இறங்குகிறது என்பதுதான் எங்கள் கேள்வி. கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகப் படாது. களனி கங்கைத் தண்ணீர் அம்பத்தலையில் சுத்தமாகிக் குழாயில் வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மழைக்காலத்தில்தான் ஓடும். மாரி மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்கி, கடலில் இருந்து உள்ளே வந்த உப்புநீருக்கு மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இதைத் திருப்பிப் படிக்க வேண்டும்: மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் நிரந்தரமாக இறங்கினால், அடியில் உப்பு 4 மீற்றர் ஏறலாம்.

கொழும்புக் கூட்டங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். வாய்க்காலில் விட்டுப் பாத்தி நிரப்புகிறார்கள், பாதித் தண்ணீர் வீண், சொட்டுநீர்ப் பாசனம் கொடுத்தால் அத்தனையும் மிச்சம். இதை உரும்பிராய்ப் பக்கம் வெங்காயம் செய்யும் ஒரு ஐயாவிடம் சொன்னேன். மண்வெட்டியால் அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டே, “எங்கை பிள்ளை போகப்போகுது? கிணத்துக்கைதானே திரும்பி வரும்” என்றார். நீரியல் படித்த யாரும் இதை மறுக்க முடியாது. பயிர் குடித்ததும் வெயிலில் ஆவியானதும்தான் போனது. மிச்சம் கீழே இறங்குகிறது. ஆனால் இறங்கும்போது, யூரியா உரத்திலிருந்து மண்ணில் உண்டாகும் நைத்திரேற்றையும் கரைத்துக்கொண்டு இறங்குகிறது.

எவ்வளவு இறங்குகிறது என்பதற்கு, கறியுப்பிலும் இருக்கும் குளோரைட்டு நல்ல சாட்சி. வேர் தண்ணீரை எடுக்கும், குளோரைட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். கிணற்று நீரில் லீற்றருக்கு 100 மில்லிகிராம் இருந்து, வேருக்குக் கீழே மண்நீரில் அது 400 ஆனால், விட்ட தண்ணீரில் கால் பங்குதான் இறங்கியிருக்கிறது. மழையை ஒதுக்கி வைத்த எளிய கணக்கு இது. நுனியில் நுண்துளைப் பீங்கான் பொருத்திய குழாயைப் புதைத்து, கைப்பம்பால் காற்றை இழுத்து, அந்த மண்நீரைச் சொட்டுச் சொட்டாக எடுப்போம். செம்மண் ஆழமில்லாத இடத்தில் துளை கருவி கல்லில் முட்டி நிற்கும். அப்போது பக்கத்து வளவில் அலவாங்கு இரவல் வாங்குவதும் ஆய்வு முறையில் சேர்த்திதான், அறிக்கையில் எழுத மாட்டோம். இன்னொன்று: தோட்டத்துக்கு எம்.ஓ.பி. உரம் போட்டிருந்தால் கணக்கு குழம்பும். அது பொற்றாசியம் குளோரைட்டு. நாங்கள் தேடும் சாட்சியை உரப்பையே கொட்டிவிடுகிறது. அதனால் தோட்டத்தில் என் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது அல்ல, உரத்தைப் பற்றியது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை நீலச் சாயம். உணவுக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு பாத்திக்கு விட்டு, மறுநாள் பக்கவாட்டில் குழி வெட்டிச் சுவரைப் பார்ப்போம். புத்தகத்துப் படத்தில் ஈரம் மேலிருந்து சமமான பட்டையாக இறங்கும். குழியில் அப்படி இராது. மேலே கொஞ்சம் பட்டையாக வந்த நீலம், அப்புறம் பழைய வேர் போன வழியிலும் மண்புழுத் துளையிலும் வெடிப்பிலும் விரல்விரலாகக் கீழே ஓடியிருக்கும். இரண்டு விரல்களுக்கு நடுவே சாயமே படாத மண். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல் இன்னும் மோசம்: கல்லின் உடம்பில் தண்ணீர் மெதுவாக ஊறும், கரைந்து குடைந்த வழி கிடைத்தால் ஓடும். ஆகவே ஒரு தோட்டத்துக்கு ஒரே எண்ணை எழுதிக் கொடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். சராசரி சரியாக இருக்கலாம். அந்தச் சராசரி வேகத்தில் போகும் தண்ணீர் நிலத்தில் அதிகம் இல்லை.

குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் பல. அந்தத் தண்ணீரில் கரைத்த போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும். “கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம்” என்று தாய்மார் சொல்வார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது; தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவுதான் கூடும். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் போத்தலை நிரப்புகிறேன்.

2021 மே மாதம் அரசாங்கம் வர்த்தமானியில் அறிவித்து இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தளர்த்தியது. கிணறுகளில் நைத்திரேற்று இறங்கியிருக்குமே என்று கொழும்பில் பலர் கேட்டார்கள். நிலத்தடி நீர் வர்த்தமானி படிப்பதில்லை. வேருக்குக் கீழே ஏற்கனவே இறங்கிய உரம் அடுத்த மாரி மழையோடும் கிணற்றுக்கு வரும்.

சொட்டுநீருக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கிணற்றுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தண்ணீரையும் மிச்சக் கணக்கில் எழுதக் கூடாது. பம்ப் ஓடும் நேரம் குறையும், மண்ணெண்ணெயும் மின்சாரமும் மிச்சம். பயிருக்கு வேண்டிய அளவில் உரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம், கீழே இறங்கும் நைத்திரேற்றும் குறையும். தண்ணீர் மிச்சம் மூன்றாவதாகத்தான் வரும், அதுவும் நாம் மேடையில் சொல்லும் அளவுக்கு இல்லை. கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் அறிக்கையின் முதல் வரியோடு நின்றுவிடுவார்கள் என்பதால், கடைசியாக அனுப்பியதில் யூரியாவை முதல் வரியில் போட்டேன்.