சோறும் கூட்டும்: எங்கள் வீட்டுச் சமையலறை நாட்குறிப்பு

2025 ஜனவரி 19, ஞாயிறு

பொங்கலுக்கு முன்பு எடுத்த இரத்தப் பரிசோதனையில் என் கணவருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்திருக்கிறது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை என்றும், இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாப்பாட்டையும் நடையையும் சரி செய்துவிட்டு மறுபடி பார்க்கலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டில் எதைச் சரி செய்வது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. இவர் கைப்பேசியில் நான்கு காணொளிகளைப் பார்த்துவிட்டு அரிசியையே நிறுத்திவிடலாம் என்கிறார். அத்தையோ, சோறு போடாத வீட்டில் தனக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியை நான் எடுத்துப் படித்தேன். நாளொன்றுக்கு 2000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு, சமைப்பதற்கு முந்தைய எடையில், தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையும் காய்கறியும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம் என்று அது சொல்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கைத் தராசில் போட்டுப் பார்த்தேன். காலை இட்லி, மதியச் சோறு, இரவுத் தோசை ஆகிய மூன்றுக்கும் போகும் அரிசி மட்டுமே ஆளுக்கு 400 கிராமைத் தொடுகிறது. காய் 150 கிராமைத் தாண்டவில்லை. எந்த அரிசி என்ற வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எவ்வளவு அரிசி என்பதைக் கவனிப்போம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜனவரி 30, வியாழன்

சோற்றைக் குறை என்று சொன்னால் சண்டை வரும். கூட்டை அதிகமாக வைத்தால் யாரும் கேட்பதில்லை. கரண்டியளவுப் பொரியலைத் தொட்டுக்கொண்டு தட்டு நிறையச் சோறு உண்ணும் வழக்கத்துக்குப் பதிலாக, பாசிப்பருப்பு சேர்த்த புடலங்காய்க் கூட்டோ பூசணிக் கூட்டோ முதலில் பரிமாறப்பட்டு, அதற்குப் பிறகே சோறு வருகிறது. மாலையில் முறுக்குக்குப் பதில் சுண்டல்.

உண்மையான சிக்கல் நேரம். காலை ஏழரைக்குள் மூன்று சாப்பாட்டு டப்பாக்கள் கட்ட வேண்டிய வீட்டில் கீரை ஆய்வது என்பது பெரிய வேலை. முருங்கைக்கீரைக்கு அத்தை வழி சொன்னார்: கொத்துகளை உருவாமல் அப்படியே பருத்தித் துணியில் இறுக்கிச் சுற்றி இரவு முழுவதும் வைத்துவிட்டால், காலையில் துணியை உதறும்போதே இலைகள் பெரும்பாலும் காம்பைவிட்டு உதிர்ந்துவிடுகின்றன. அரைக்கீரைக்கும் மணத்தக்காளிக்கும் இந்தச் சலுகை கிடையாது. அவற்றை முந்தின இரவே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து நால்வரும் ஆய்கிறோம்.

பிப்ரவரி 12, புதன்

இப்போது அரிசி வழக்கு. திருமங்கலம் சாலையோரக் கடையில் குதிரைவாலியும் வரகும் வாங்கி வந்தேன். வெண்மையாகப் பளபளக்கும் ரகமும், மங்கலாகத் தவிட்டு நிறத்தில் இருக்கும் ரகமும் அடுத்தடுத்த மூட்டைகளில் இருந்தன. தவிடு முழுவதும் போகும்படி தீட்டிய சிறுதானியத்தில் நார்ச்சத்தும் சத்துகளும் குறைந்துவிடும் என்பதால், தீட்டிய அரிசியை விட்டுவிட்டு அதை வாங்குவதில் பெரிய இலாபம் இல்லை. மங்கலானதைத்தான் வாங்கினேன். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். ஒரு கிலோவுக்கு மேல் வாங்கி வைக்கக் கூடாது.

குதிரைவாலியைப் பார்த்ததும் அத்தையின் முகம் சுருங்கியது. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் வளர்ந்தவர் அவர். நெல்லுச் சோறு என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டுமே என்றிருந்த வீட்டிலிருந்து வந்தவர். “வக்கில்லாம தின்னதை இப்ப காசு குடுத்து வாங்கியாரியாக்கும்” என்றார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. சிறுதானியத்தைப் பாரம்பரியம் என்று கொண்டாடும் நாம், அதை விருப்பத்தால் உண்ணாதவர்களிடம் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த செய்தியும் அவரை அசைத்துவிடாது.

ஆனாலும் நான் கல்லோடு உலையில் போடப்போவதைப் பார்த்துப் பொறுக்காமல் அவரே சட்டியை வாங்கிக்கொண்டார். இரண்டு பாத்திரங்களை எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு, ஒன்றைச் சுழற்றிச் சுழற்றி, மிதந்து வரும் தானியத்தை மட்டும் அலையலையாக மற்றதில் சரித்தார். கடைசிச் சுற்றில் அடியில் கடுகளவு கற்கள் மட்டும் கரகரத்தன. அரை மணி நேரம் ஊறவைத்து, ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு நீரில் வேகவைத்ததும் சோறு உதிரியாக வந்தது. வாரத்தில் இரண்டு மதியங்கள் இது, மற்ற நாள்களில் புழுங்கலரிசி என்று ஒப்பந்தம். புழுங்கல் ஒன்றும் மட்டமில்லை. நெல்லை அவிக்கும்போது மேலுறையிலுள்ள தயாமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பிறகும் பச்சரிசியைவிட அதில் அது அதிகம் தங்குகிறது.

மார்ச் 9, ஞாயிறு

எண்ணெய். மரச்செக்குக்குப் போய்க் கடலெண்ணெயும் நல்லெண்ணெயும் வாங்கி வந்தோம். எள்ளோடு கருப்பட்டியைச் சேர்த்து ஆட்டும் மணம் தெருமுனை வரை வருகிறது, சுவையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் சுத்திகரித்தாலும் கிராமுக்கு ஒன்பது கிலோகலோரிதான். செக்கெண்ணெய் என்பதற்காகக் கூடுதலாக ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த உணவு வழிகாட்டி சொல்லும் ஆளுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் என்ற கணக்கில் நான்கு பேருக்கு மாதம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் வருகிறது. எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் போய்க்கொண்டிருந்தது. மாதத் தொடக்கத்தில் மூன்றரை லிட்டரை அளந்து தனியே வைத்து, அதற்குள் சமாளிப்பது என்று ஏற்பாடு. அப்பளம் பொரிப்பதற்குப் பதிலாக அனலில் சுடப்படுகிறது. வடை அமாவாசைக்கு மட்டும்.

மார்ச் 28, வெள்ளி

மகன் ஒன்பதாம் வகுப்பு; பள்ளிவிட்டு வந்ததும் ரொட்டியும் பிஸ்கட்டும்தான். “இது கோதுமை ரொட்டிம்மா” என்று உறையைக் காட்டினான். உட்பொருள்களை எடையில் அதிகமானது முதலாக வரிசைப்படுத்தியே உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்த வரிசையில் முதலில் மைதா இருந்தது, கோதுமை மாவு அதற்குப் பின்னால் வந்தது. அன்றிலிருந்து அவனே கடையில் நின்று எல்லா உறைகளையும் படிக்கிறான், கடைக்காரர் பொறுமைசாலி.

இப்போது மாலையில் கேழ்வரகு அடை. முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டால் எதிர்ப்பின்றிப் போகிறது. கேழ்வரகில் நூறு கிராமுக்கு முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு என்பது வளரும் பிள்ளைக்கு நல்ல செய்தி. நாட்டுச் சர்க்கரைக்கு மாறச் சொல்லிப் பக்கத்து வீட்டம்மா வற்புறுத்துகிறார். அதுவும் பெரும்பகுதி சர்க்கரையே என்பதால் மாறவில்லை, காப்பியில் போடும் அளவைத்தான் பாதியாக்கினோம்.

மே 13, செவ்வாய்

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். வீடு நிறைய உறவுக்காரர்கள், பானகம், நீர்மோர், புளியோதரை, இரவில் பெரியவர் வீட்டில் பிரியாணி. எதையும் மறுக்கவில்லை. திருவிழாச் சாப்பாட்டை எடை போட்டுக்கொண்டிருந்தால் இந்த மாற்றம் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது.

சென்ற வாரம் மறுபரிசோதனையில் 5.9 வந்தது. குறைந்திருக்கிறதுதான், ஆனால் இவர் காலையில் நடக்கவும் தொடங்கியிருப்பதால் எந்தக் கணக்கில் எதை வரவு வைப்பது என்று சொல்ல இயலாது. அரிசி ஆளுக்கு ஏறத்தாழ 280 கிராமுக்கு வந்திருக்கிறது. காய்கறிச் செலவு கூடியிருக்கிறது, எண்ணெய், பிஸ்கட், நொறுக்குத்தீனிச் செலவு குறைந்திருக்கிறது. கூட்டிக் கழித்தால் மாதச் செலவு கொஞ்சம் அதிகம்தான். இரவுத் தோசை மட்டும் இன்னும் அசையவில்லை. அடுத்த மாதம் மாவில் உளுந்தைக் கூட்டி, அரிசியில் ஒரு பங்குக்கு வரகு போட்டு அரைத்துப் பார்க்க வேண்டும். மொறுமொறுப்பு குறைந்தால் முதல் புகார் அத்தையிடமிருந்துதான் வரும்.